எட்டுத் திரைகளில் ஒரு பெயர்

1989 மார்ச் 2, வியாழன்

நோயாளிகள் அறுபத்தொரு பேரின் பெயர்களையும் தட்டி முடித்தேன். நாலு மணிக்குக் கரண்ட் போனது. அதற்குள் எல்லாவற்றையும் ஃப்ளாப்பியில் ஏற்றிவிட்டேன். நிலையப் பொறுப்பாளர் மிக்கேலம்மாள் மேடம் எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா? வாயத் தெறந்து சொன்னா முத்தா கொட்டிடும்?" என்றார். தலையை ஆட்டினேன். இந்தச் சிகிச்சை நிலையத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் தலையாட்டல்தான்.

எட்டாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்ததால் இந்த வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் என்றதும் பயந்தேன். ஆனால் எழுத்துகள் எல்லாம் டைப்ரைட்டரில் இருக்கிற அதே இடத்தில்தான் இருக்கின்றன.

நாற்பத்தேழாவது வரியை இந்த மாதமும் தட்டினேன். ஹாஜிரா, வயது 20, தகப்பனார் கரீம், தகரப்பெட்டிக் கடை, பென்னாகரம்.

என் அக்கா.

வியாதியின் பெயரை ஒரே ஒரு தடவை இங்கே எழுதுகிறேன். தொழுநோய். இடது முழங்கைக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெளுத்த படை. ஜனவரியில் எனக்குச் சோறு கொண்டுவந்தபோது மேடம் பார்த்துவிட்டார். ஊசி முனையால் தொட்டார், அக்காவுக்குத் தெரியவே இல்லை. "ஆறு மாசம் மாத்திரை. அதோட சரி. யாருக்கும் ஒட்டாது, பயப்படாத" என்றார். அம்மாவுக்கும் அத்தாவுக்கும் தெரியாது. மேடத்துக்கும் அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அப்புறம் இந்த ஃப்ளாப்பிக்கு.

மார்ச் 6, திங்கள்

தருமபுரிக்குப் போய் வந்தேன். மாதா மாதம் பட்டியல் அங்கே போனால்தான் ஆளுக்கொரு மாத்திரைப் பொட்டலம் வரும்.

ஃப்ளாப்பி கொண்டுபோக அத்தா ஒரு தட்டைப் பெட்டி செய்து கொடுத்திருக்கிறார். சின்னப் பூட்டு, இரண்டு சாவி. ஒன்று மேடத்திடம், இன்னொன்று தருமபுரித் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பொறுப்பிலிருக்கும் சவரிராயன் சாரிடம். என்னிடம் சாவி கிடையாது. தூக்கிப் போகிறவள் கையில் சாவி இருக்கக் கூடாது என்பது மேடம் போட்ட விதி. பெயர்கள் வெளியே தெரிந்தால் எத்தனை குடும்பம் கெடும் என்று அவருக்குத் தெரியும். பஸ் இண்டூர் தாண்டும்வரை பெட்டியை மடியிலிருந்து எடுக்கவில்லை.

அங்கே இருப்பது பெரிய மிஷின். எட்டுத் திரைகள், எட்டும் அந்த ஒரே மிஷினோடு சேர்ந்தவை. அதை யூனிக்ஸ் என்கிறார்கள். எங்களுடையது டாஸ். எங்கள் ஃப்ளாப்பியை அது நேரே படிக்காது. மூலையில் எங்களுடையதைப் போலவே ஒரு சின்ன மிஷின் இருக்கிறது. அதில் போட்டால் ஒரு கேபிள் வழியாகப் பெரிய மிஷினுக்குப் போய்ச் சேரும். மெதுவாக. எவ்வளவு போயிருக்கிறது என்ற கணக்கு எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்று திரும்பிப் பார்த்தால், பக்கத்துத் திரையில் யாரோ எங்கள் ஃபைலைத் திறந்து வைத்திருந்தார். சம்பளப் பட்டியல் போடுகிறவர். தெரியாமல் திறந்துவிட்டாராம். உடனே மூடினார். ஆனால் பெயர்கள் வரிசையாக நின்றதை நான் பார்த்தேன்.

கேட்டுவிட்டேன். "ஃபைல் இங்க எறங்கினப்புறம் யார் வேணா படிக்கலாமா சார்?"

"அட, இந்தப் புள்ளைக்குப் பேச்சு வருது!" என்று சவரிராயன் சார் சிரித்தார். அப்புறம் சொன்னார்: "டாஸ் ஃபைலுக்குப் பூட்டே கெடையாதும்மா. யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாதுன்னு அதுல எழுதியிருக்காது. இந்தப் பக்கம் வந்து எறங்கினா, எல்லாரும் படிக்கலாம்னுதான் எறங்கும். நாமதான் பூட்டணும். இதோ, இப்படி." தன்னுடைய ஒரு ஃபைலை என் முன்னாலேயே பூட்டிக் காட்டினார். ஒரு வரி, அவ்வளவுதான். எங்களுடையதை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை என்றார்.

பெட்டிக்கு இரண்டு சாவி. உள்ளே இருப்பது கதவே இல்லாத வீடு.

வெளியே வரும்போது ஐந்தாவது திரையில் இருந்தவர், "அக்கா இன்னிக்கு வரலீங்களா?" என்றார். சர்தார் என்று பெயர். டிசம்பரில் அக்கா எனக்குத் துணைக்கு வந்தபோது பார்த்திருக்கிறார். ஓடிவந்துவிட்டேன்.

மார்ச் 12, ஞாயிறு

அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். தருமபுரியிலிருந்து. ஒரு அம்மா, கூட இரண்டு பெண்கள். வெற்றிலை மடித்துக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: "என் மவன் சர்தாருங்க, கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருக்கான். உங்க பெரிய பொண்ணை எங்கியோ பார்த்திருக்கான். அன்னியிலேர்ந்து வூட்ல எங்க உசுர வாங்கறான்."

அம்மாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. அத்தா கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்தார். நோன்புப் பெருநாள் கழித்து ஜூனில் நிக்காஹ் வைக்கலாம் என்று பேசிவிட்டார்கள்.

நான் அடுப்படியில் நின்றேன். ஐந்தாவது திரை. எட்டில் ஐந்தாவது.

மார்ச் 13

தூங்கவில்லை.

மார்ச் 16, வியாழன்

கொல்லையில் துணி அலசும்போது அக்கா மெதுவாகச் சொன்னாள்: "ஷகிலா, என் பேர எடுத்துடு."

"எடுத்தா மாத்திரை வராது. பேருக்குத்தான் பொட்டலம் வருது."

"வேற பேரு போடு. முனியம்மான்னு போடு. யாருக்குத் தெரியும்?"

தெரியும். மாதா மாதம் பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவர் வீடு வீடாக விசாரிக்க வருகிறார், எங்கள் வீட்டை மட்டும் மேடம் தன் பொறுப்பில் வைத்திருக்கிறார். முனியம்மாளைத் தேடி எங்கள் தெருவெல்லாம் அலைவார். அது இன்னும் மோசம். சொன்னேன். அக்கா துணியைப் பிழிந்த வேகத்தில் பாவாடை நாடா அறுந்துவிட்டது.

"அப்ப ரெண்டுல ஒண்ணுதான். ஒடம்பா, கல்யாணமா. அதான?"

நான் என்ன சொல்வேன்? பேர் போனால் மாத்திரை இல்லை. பேர் இருந்தால் அவர் படிப்பார். பேர் தருமபுரிக்குப் போகவும் வேண்டும், அவருக்குத் தெரியவும் கூடாது. எப்படி? யாரைக் கேட்பது? மேடத்திடம் சொன்னால் என் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவாரோ. வருகிறவளும் படிப்பாளே.

ஏப்ரல் 3, திங்கள்

செய்துவிட்டேன்.

சவரிராயன் சார் லீவில் போகிற அவசரத்தில் இருந்தார். தங்கச்சி வீடு பெங்களூரில், ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கேபிளில் ஃபைல் போகத் தொடங்கியதும் என்னைப் பெரிய மிஷினின் திரை முன்னால் உட்கார வைத்தார். எங்கள் நிலையத்தின் பெயரில் உள்ளே போகிற ரகசியச் சொல்லையும் சொல்லிவிட்டார். "முழுசா வந்ததும் வெளிய வந்துடு. பூட்டற வேலைய நான் பதினேழாம் தேதி வந்து பண்றேன்." பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

பதினேழு. அதுவரை கதவில்லாமல் கிடக்குமா?

அன்று அவர் தட்டிய வரி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் விரல்களைப் பார்த்திருந்தேன். டைப்ரைட்டிங் படித்தவளுக்கு அது போதும். என் விரல்கள் அதையே தட்டின, ஃபைல் பெயர் மட்டும் எங்களுடையது. பிறகு ஃபைல்களின் பட்டியலைப் பார்த்தேன். எங்கள் ஃபைலுக்கு எதிரே மற்றவர்களுக்கான இடங்களில் எல்லாம் வெறும் கோடுகள். யாரும் படிக்க முடியாது.

ஐந்தாவது திரைக்காரர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் ஓடவில்லை. நடந்தே வந்தேன்.

ஏப்ரல் 4

அக்காவிடம் சொன்னேன். என் கன்னத்தைக் கிள்ளி, "பெட்டிக்குப் பூட்டு போடறவர் மவடி நீ" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

ஏப்ரல் 13, வியாழன்

மாத்திரை நாள்.

மாத்திரை வரவில்லை.

தருமபுரி ஜீப் பத்து மணிக்கு வந்தது. பாப்பாரப்பட்டிப் பெட்டி இருந்தது, பாலக்கோடு பெட்டி இருந்தது. எங்களுடையது இல்லை. டிரைவர் சொன்னார்: "பென்னாகரம் லேபிளே அச்சாவலீங்களாம் மேடம். ஃபைல் தெறக்க மாட்டேங்குதாம். லேபிள் இல்லாம பொட்டலம் கட்ட முடியாதுன்னுட்டாங்க."

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. லேபிளை மிஷின் தானே அடித்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேனே! அடிக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் ஃபைலைப் படிக்க வேண்டும். நான் எல்லோரையும் வெளியே வைத்துப் பூட்டிவிட்டேன். மாத்திரையையும் சேர்த்து.

வெளியே ஐம்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் போய்ச் சொன்னார். மாது என்கிற பெரியவர், காட்டோரத்தில் ஆடு மேய்க்கிறவர், விரல் மடங்கிப்போன கை, எழுந்து நின்று கேட்டார்: "நாலு மணிக்கே பொறப்பட்டு நடந்து வந்தேனுங்க. ஆட்டைக்கூட அடுத்தவன்கிட்ட வுட்டுட்டு வந்தேன். வெறுங்கையோட போவச் சொல்றீங்களா?"

மேடம் அவரை உட்கார வைத்து மோர் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, யார் மீதும் கோபமில்லாமல், தடியை ஊன்றிக்கொண்டு போனார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேடம் தருமபுரிக்கு ட்ரங்க் கால் போட்டார். பூட்டை மீறித் திறக்க சவரிராயன் சாரால்தான் முடியும், அவர் திங்கள்தான் வருவார் என்றார்கள். நாளை வருஷப் பிறப்பு, லீவு. சனிக்கிழமை நான் போய் ஃப்ளாப்பியை மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றார் மேடம். "எவன் பூட்டினானோ! நடுவுல மாத்திரை வுட்டா என்ன ஆவும்னு அவனுக்குத் தெரியுமா?"

எவனும் இல்லை மேடம். நான்தான். வாய் வரைக்கும் வந்தது. வரவில்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

அக்காவின் மாத்திரைப் பட்டையில் மாத்திரை தீர்ந்துவிட்டது. நோன்புக்கு எழுந்த சஹர் நேரத்தில், மாத்திரை போடுகிற வழக்கப்படி, அம்மாவுக்குத் தெரியாமல் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நாளை நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். ஃப்ளாப்பியை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. ஃபைல் அங்கேதான் இருக்கிறது. நான் பூட்டினேன், நான் திறக்கலாம். திறந்தால் அச்சடிக்கிற ஆள் படிப்பார். அது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், அவராக மட்டும் இருக்கக் கூடாது. யா அல்லாஹ், அவராக மட்டும்.

ஏப்ரல் 15, சனி

அவர்தான்.

அரைநாள் ஆபீஸ். எட்டுத் திரைகளில் ஏழு இருட்டு. சர்தார் மட்டும் இருந்தார். "உங்க ஃபைலுக்காகத்தாங்க உக்காந்திருக்கேன். லேபிள் புரோகிராம் என் பேர்ல இருக்குது. ஓட்டினா, அனுமதி இல்லன்னே சொல்லுது. யார் பூட்டினாங்கன்னு தெரியல."

"நான்தான்."

நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். நான் ரகசியச் சொல்லைத் தட்டுவதைப் பார்க்கக் கூடாதாம்.

என் விரல்கள் விசைகளின் மேல் இருந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாது பெரியவரின் தடி சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்காவின் பெயரை மட்டும் இப்போது அழித்துவிட்டால்? அழிக்கலாம். யாருக்கும் தெரியாது. அவளுக்கு ஒரு மாதம் மாத்திரை இல்லை, அவ்வளவுதானே. அவ்வளவுதானா?

அழிக்கவில்லை. திறந்தேன்.

பிரிண்டர் கத்தத் தொடங்கியது. லேபிள் லேபிளாக வந்தது. அவர் ஒவ்வொன்றாகக் கிழித்து அடுக்கினார். நான் எண்ணினேன். நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. நாற்பத்தேழு. அவர் கை நிற்கவில்லை. வேகமும் மாறவில்லை. கிழித்தார், அடுக்கினார், அடுத்ததைக் கிழித்தார். படித்தாரா? கண் எங்கே இருந்தது? நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பாவி.

"பொட்டலம் கட்டி செவ்வாய்க்கிழம ஜீப்புல வந்துடும். நீங்க பஸ்ஸுக்குப் போங்க. நோன்பு தொறக்கறதுக்குள்ள வூடு சேந்துடலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஏப்ரல் 17, திங்கள்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். ஏன் பூட்டினேன் என்பதையும். அழுதுகொண்டே சொன்னதால் பாதி அவருக்குப் புரிந்திருக்காது.  பிறகு, "பூட்டினது தப்பில்ல. சொல்லாம பூட்டினதுதான் தப்பு. அறுபத்தொரு பேரு" என்றார்.

வேலையை விட்டு நிறுத்தவில்லை.

ஏப்ரல் 18

மாத்திரை வந்தது. மாது பெரியவருக்கு மேடம் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்.

ஏப்ரல் 25

தருமபுரியிலிருந்து ஒரு செய்தியும் இல்லை.

மே 1

இல்லை. அம்மா நிக்காஹ்வுக்கு வெங்கலப் பாத்திரம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். நிறுத்து அம்மா என்று எப்படிச் சொல்வேன்?

மே 7, ஞாயிறு. பெருநாள்

பேசி முடித்த பெண்ணுக்குப் பெருநாளன்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து புடவை வரும். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேமியா பாயசத்தை மூன்று தடவை சூடு செய்தாள். மாலை வரை யாரும் வரவில்லை. அத்தா, "பஸ்ஸு கெடைச்சிருக்காது" என்றார். பெருநாளன்று பஸ் கூட்டம்தான், கிடைக்காமல் இல்லை.

முடிந்துவிட்டது. அக்கா புதுத் துணியை மாற்றி மடித்து வைத்தாள். என் கையால் தட்டிய பெயர். என் கையால் திறந்த பூட்டு.

அழுதால் அம்மா கேட்பாள் என்று தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அக்கா பக்கத்தில் வந்து படுத்து, "நாளைக்கு நீ ஃப்ளாப்பி கொண்டுபோற நாள்தான? நானும் வரேன்" என்றாள்.

"எதுக்கு?"

"கேக்கணும்."

மே 8, திங்கள்

எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

சவரிராயன் சார் பெட்டியைத் திறந்து ஃப்ளாப்பியைப் போட்டார். அக்கா நேராக ஐந்தாவது திரைக்குப் போனாள்.  நான் சின்ன மிஷின் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

"நான் ஹாஜிரா. ஏப்ரல் லேபிள்ல என் பேரப் படிச்சீங்களா?"

சர்தார் எழுந்து நின்றார். "படிச்சேனுங்க."

"அதான் புடவை வரலியா?"

"ஐயோ, இல்லீங்க! ஓசூர்ல பெரிய மாமா மவுத்தாயிட்டாரு. அடக்கம் முடிஞ்சும் அம்மா அங்கியே இருக்காங்க. எங்க வூட்ல பெருநாளே இல்ல. கடுதாசி போட்டனே, வரலீங்களா?" மூச்சு வாங்கினார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ஏப்ரல்ல இல்லீங்க. பிப்ரவரியிலியே படிச்சிட்டேன். அந்த லேபிள் எல்லாம் நான்தான அடிக்கிறேன்."

அக்கா கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. பெண் கேட்டு வந்தது மார்ச். "அப்ப படிச்சிட்டுத்தான் உங்கம்மாவ அனுப்பினீங்களா? பரிதாபப்பட்டா?"

"டிசம்பர்ல ஆளப் பார்த்துட்டுத்தாங்க அனுப்பினேன். வூட்ல பேசி ஒத்துக்கவைக்க மூணு மாசம் ஆச்சு." காது சிவந்துவிட்டது அவருக்கு. "ரெண்டு வருஷமா அடிக்கிறேனுங்க. பேரு வருது, ஆறு மாசமோ ரெண்டு வருஷமோ இருக்குது, அப்புறம் போயிடுது. போன பேரு திரும்பி வந்து நான் பார்த்ததில்ல. எல்லாருக்கும் வியாதிதான் தெரியுது. எனக்குப் பேரு போறதும் தெரியுது. அம்மாகிட்ட நான் சொல்லலீங்க. அது நீங்க சொல்றதுதான், இல்ல சொல்லாம வுடறது."

சம்பளப் பட்டியல்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தாள், மற்ற திரைகளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "என் பேர நல்லவர் படிச்சாரு, சரி. மத்த அறுபது பேரு பேர யாரு படிக்கிறாங்களோ!"

சம்பளப் பட்டியல்காரர் மறுபடி தட்டத் தொடங்கினார். 

பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பெட்டி என் மடியில் இருந்தது. இண்டூர் வருவதற்குள் எனக்கு ஒன்று தோன்றியது.

மே 11, வியாழன்

மேடத்திடம் நானாகப் போய்ப் பேசினேன். உட்காரக்கூட இல்லை. ஃபைலில் பெயரே வேண்டாம், எண் மட்டும் போகட்டும். எண், எத்தனை மாத்திரை, எந்த நிலையம், அவ்வளவுதான். லேபிளிலும் எண். எந்த எண் யார் என்பது ஒரு நோட்டில் இருக்கும். அந்த நோட்டு பென்னாகரத்தைத் தாண்டாது. வீடு விசாரிக்க வருகிறவர் இங்கே வந்து நோட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும். இனி அந்த மிஷினில் பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எட்டுத் திரையில் எவர் திறந்தாலும், தெரிவது வெறும் எண்.

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தன நாளா இவ்ளோ பேச்ச எங்கடி வெச்சிருந்த?"

மே 21

அக்கா அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. இன்று காலை மாத்திரையை அவளே எடுத்துத் தண்ணீரோடு கொடுத்தாள்.

மே 28, ஞாயிறு

புடவை வந்தது. சர்தாரின் அம்மாவைத் தனியே கூப்பிட்டு அக்கா கையைக் காட்டினாளாம்.  அந்த அம்மா, "மாத்திர முடியற சமயம், பக்ரீத் கழிச்சு வெச்சுக்கலாம்" என்றாராம். போகும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. புடவையைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஜூன் 5

எண் மட்டும் உள்ள முதல் ஃபைல் போனது. பாப்பாரப்பட்டியிலும் இப்படியே செய்யச் சொல்லப் போகிறாராம் சவரிராயன் சார். நோட்டு வைக்க அத்தா ஒரு பெட்டி செய்தார். எதற்கு என்று கேட்கவில்லை. இதற்கு ஒரே சாவி.

ஜூலை 23, ஞாயிறு

நிக்காஹ். எழுத நேரமில்லை. மருதாணிக் கை.

ஆகஸ்ட் 3, வியாழன்

அக்காவின் ஆறு மாதம் முடிந்தது. மேடம் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டார். நோட்டில் அவள் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். ஃபைலில் அவளுடைய நாற்பத்தேழாம் எண்ணை நீக்கினேன்.

"அந்த நம்பர யாருக்கும் குடுக்க வேணாம் மேடம்" என்றேன்.

"ஏன்? அடுத்து வர்றவங்களுக்குக் குடு. சொகமாப் போன நம்பரு" என்றார்.

மதியம் ஒரு பெண் வந்தாள். பள்ளிக்கூடத் தாவணி, பதிமூன்று வயது இருக்கும். அவளுடைய அப்பா வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். பேர் கேட்டால் தலையைக் குனிந்து பாவாடையைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"பாரு. பேரு இதுல வராது. நம்பருதான்."

எட்டிப் பார்த்தாள்.

"ஆறு மாசந்தான்" என்றேன். "பள்ளிக்கூடத்த வுட்டுடாத."

47 என்று தட்டினேன்.